கனிராஜன் அண்ணாச்சியின் காலண்டர்

சிவகாசியில் காலண்டர் என்றால் கனிராஜன் அண்ணாச்சிதான். அறுபத்தோரு வயது மனிதர், தன் மகள் வயசு ரெஜினா டீச்சரிடம் கம்ப்யூட்டர் பாதுகாப்புப் பாடம் கேட்டு வந்தார். “நான் டீச்சரோட சீடனாக்கும்” என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்வார். அதிலும் ஒரு பெருமை.

அன்று ஒரு கேள்வியோடு வந்து உட்கார்ந்தார்.

“டீச்சர், ஆடிப்பெருக்கு அன்னைக்கு அடுத்த வருசக் காலண்டர் டிசைனெல்லாம் சேத்துப் புது ஆல்பம் வெளியிடணும். அதுக்குள்ள ஒரு டிசைன் வெளிய போனாலும் போட்டிக்காரன் முந்திக்கிடுவான், இந்த சீசனே போச்சு. அதான் எல்லாக் கம்ப்யூட்டருக்கும் காவல் சாஃப்ட்வேர் போட்டுட்டேன். ஈ, எறும்பு நுழையாது! மேனேஜர் என்னடான்னா, பாஸ்வேர்டைப் பத்திரமா வைக்க இன்னொரு சாஃப்ட்வேர் வேணும்ங்காரு. ஒண்ணு போதாதா?”

டீச்சர் எழுந்துபோய்ச் சுவரில் தொங்கிய காலண்டரைக் கழற்றினார். அண்ணாச்சி ஊர் ஊராக நாலாயிரம் பேருக்குக் கொடுத்த காலண்டர் அது. ஆயுதபூசை அன்று எடுத்த படம், நடுவில் பட்டு வேட்டியில் அண்ணாச்சி.

“அச்சு ரொம்பத் தெளிவு அண்ணாச்சி.”

அண்ணாச்சிக்கு வாயெல்லாம் பல். “நம்ம பிரஸ்ஸுல்லா! மீசை முடியை ஒண்ணொண்ணா எண்ணலாம்.”

“உங்க டிசைன் எல்லாம் இன்டர்நெட்லதான வச்சிருக்கீங்க? இங்கேருந்து திறந்து பாக்கட்டுமா?”

“முடிஞ்சா திறங்க!” காலை மடக்கி, சாய்ந்து உட்கார்ந்தார் மனுஷர்.

டீச்சர் தன் லேப்டாப்பில், காலண்டரின் அடியில் இருந்த கம்பெனி ஈமெயிலை அடித்தார். பிறகு படத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். பூசைக்காக அண்ணாச்சியின் கம்ப்யூட்டருக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். அதன் ஓரத்தில் ஒட்டியிருந்த துண்டுச் சீட்டையும் விடவில்லை, அதற்கும் ஒரு பொட்டு. பொட்டுக்குக் கீழே எட்டு எழுத்து, துளி பிசிறில்லாமல்.

எட்டையும் அடித்தார்.

திரையில் முருகன் வந்தார். அடுத்து மீனாட்சி, அடுத்து லட்சுமி. ஆடிப்பெருக்கு வரை யாரும் பார்க்கக் கூடாத படங்கள்.

“அந்த மயில் தோகையப் பாத்தீங்களா...” என்று ஆரம்பித்த அண்ணாச்சி பாதியில் நிறுத்தினார். அப்போதுதான் உறைத்தது.

“அட என்ன டீச்சர் இது! அவ்வளவு பெரிய காவல் போட்டிருக்கேன். ஒரு சத்தம் குடுக்கல. உங்களை ஏன் அது தடுக்கல?”

டீச்சர் லேப்டாப்பை மெல்ல மூடினார்.

“அது என்னை எங்க பாத்துச்சு அண்ணாச்சி? முதலாளி வந்திருக்காருன்னு எந்திரிச்சு வணக்கம்லா வச்சுது.”