பதினாறு படி

“பெரிய ஆளுக்கு முன்னால பயம் வந்தா வாயை மூடாத தாயி, என்னமோ கேளு…” என்று மாமனார் சொல்வார். என்ன கேட்கச் சொன்னார் என்பது மட்டும் சேர்மக்கனிக்கு மறந்துபோயிருந்தது. எலும்பு வார்டில் நோயாளிகளை நடக்கவைத்துப் பழக்கும் தற்காலிக வேலை அவளுக்கு. தலைமை மருத்துவர் ராஜரத்தினம் ஒரு தாளை அவள் கையில் கொடுத்தார்.

“நாளைக்கு இன்ஸ்பெக்‌ஷன். வார்டுல கூட்டம் தெரியக் கூடாது; இந்தக் கட்டில் காலியாகணும். ‘தானாகப் படி ஏறி இறங்குகிறார்’னு எழுதிக் கையெழுத்துப் போடு. இல்லைன்னா உனக்கு வேலை இல்லை.”

கட்டிலில் கிடந்த புலமாடன் தாத்தாவுக்கு இடுப்பெலும்பு உடைந்து ஆபரேஷன் ஆகி ஒன்பதே நாள். தனியாக இருப்பவர்; வீடோ மாடியில்.

“விழுந்தா எடுக்க ஆளில்லையே தாயி” என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

மாமனார் சொன்னது நினைவுக்கு வராமலே, சேர்மக்கனி வாயில் வந்ததைக் கேட்டுவிட்டாள்: “எழுதிடுறேன் சார். பார்த்துட்டுத்தானே எழுதணும்? தாத்தா வீட்டுல பதினாறு படி. நம்ம வார்டு வாசல்லயும் பதினாறு. நான் தாத்தாவை மேலேருந்து தனியா இறங்க விடுறேன். நீங்க கீழே நின்னு பிடிச்சுக்கிறீங்களா?”

தாத்தா கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். டாக்டர் இரண்டடி பின்வாங்கினார்.

“உனக்கென்ன பைத்தியமா? மனுஷன் உருண்டு விழுந்தா யார் பதில் சொல்றது?”

“அதுக்குத்தானே சார், தாள்ல என் பேரைப் போடச் சொல்றீங்க.”

வார்டே திரும்பிப் பார்த்தது. பக்கத்துக் கட்டில்காரர் இருமுவதுபோல் சிரித்தார். சேர்மக்கனி தாளை டாக்டர் பக்கம் நீட்டினாள்.

டாக்டர் தாளை வாங்கி, ‘இன்னும் மூன்று வாரம் இங்கேயே இருக்கட்டும்’ என்று எழுதித் தன் கையெழுத்தைப் போட்டார்.