நாரைக்குத் தாயான தண்டபாணியார்

முன்னொரு காலத்தில் கோரையாற்று நாட்டை இளஞ்சிங்கன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் ஒன்றின்மேல் ஆசை வைத்தானோ, போச்சு! அன்றைக்கே வேண்டும்.

ஒருநாள் வேட்டைக்குப் போகிற வழியில் கூந்தலேரியைப் பார்த்தான். தண்ணீருக்குள் நிற்கும் கடம்ப மரங்களில் கிளைக்குக் கிளை நாரைக்கூடு. மயங்கிப்போனான். "இந்தப் பறவைகள் நம் அரண்மனைத் தோட்டத்தில் இருக்கவேண்டும்!"

அமைச்சர் அம்பலவாணர் வாயைத் திறப்பதற்குள், அவர் பதவிமேல் எப்போதும் ஒரு கண் வைத்திருந்த தண்டபாணியார் முந்திக்கொண்டார். "இதென்ன பிரமாதம், மகாராஜா! மரங்களை வேரோடு பெயர்த்துத் தோட்டத்தில் நட்டால் பறவைகள் தாமாகவே வந்துவிடும். கூடு கட்ட மரம்தானே வேண்டும்?"

"பேஷ்! நாளைக்கே ஆள் போகட்டும்."

அம்பலவாணர் யோசித்தார். மரம் போனால் அத்தனை குஞ்சும் போய்விடுமே! வேண்டாமென்றால் ராஜாவின் பிடிவாதம் இன்னும் ஏறும். அதனால் முகத்தில் ஒன்றும் காட்டாமல், "அருமையான யோசனை. முதலில் சின்னதாகப் பார்த்துவிடுவோம், மகாராஜா. நேற்றைய காற்றில் இரண்டு குஞ்சுகள் கரையோரம் விழுந்து கிடக்கின்றன. தோட்டத்து மாமரத்தில் வைத்துத் தண்டபாணியாரே வளர்க்கட்டும். யோசனை சொன்னவருக்குத்தானே அந்தப் பெருமை?" என்றார்.

"ப்பூ, இவ்வளவுதானா?" என்றார் தண்டபாணியார்.

மறுநாள் விடிந்ததும் குஞ்சுகள் கத்த ஆரம்பித்தன. பழம் கொடுத்தார், பாயசம் கொடுத்தார். துப்பிவிட்டன. மீன்தான் வேண்டும், அதுவும் நிமிஷத்துக்கு நிமிஷம். மீன் தேட இறங்கினால் பூனை மரமேறியது. வெயில் ஏறியதும் குஞ்சுகள் வாயைப் பிளந்தன. பாவம், மனிதர் குடையோடு கிளையில் உட்கார்ந்தார். பட்டு வேட்டியெல்லாம் எச்சம்.

சாயங்காலம் ராஜா வந்தான். "என்ன தண்டபாணியாரே, பிள்ளைகள் சௌக்கியமா?"

"என்னால் ஆகாது, மகாராஜா! மரத்தைச் சுற்றித் தண்ணீர் தேக்குங்கள், அப்போதுதான் பூனை வராது. அதிலே மீன் விடுங்கள். மீனுக்குப் பாசி வேண்டும், புழு வேண்டும்..."

"தண்ணீர் வற்றாமலிருக்க ஒரு வாய்க்கால்?" என்று மெல்லக் கேட்டார் அம்பலவாணர்.

"ஆமாம், ஆமாம், வாய்க்காலும்!"

ராஜா விழுந்து விழுந்து சிரித்தான். சட்டென்று சிரிப்பு நின்றது. "அடேடே! இவர் கேட்பது கூந்தலேரியை அல்லவா? நான் மரத்தை மட்டும் பிடுங்கப் பார்த்தேனே, எவ்வளவு பெரிய மடத்தனம்!"

உத்தரவு அங்கேயே ரத்தானது. அமைச்சருக்கு ராஜாவின் கழுத்திலிருந்த முத்துமாலை. தண்டபாணியாருக்கு, குஞ்சுகளைத் தன் கையாலேயே ஏரியில் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை.

மறுநாள் அவர் இடுப்பளவு தண்ணீரில் நடந்து, மரமேறி, குஞ்சுகளைக் கூட்டில் வைத்துவிட்டு, அம்பலவாணர் நின்றிருந்த கரைக்குத் திரும்பினார். கொஞ்ச நேரத்தில் தாய் நாரை மீனோடு வந்து இறங்கியது. ஊட்டி முடித்து, வெயில் படாமல் சிறகை விரித்து நின்றது. தண்டபாணியாருக்குக் கண் கலங்கிவிட்டது.

"அமைச்சரே, அந்த முத்துமாலையை இவளுக்குப் போட்டிருக்கவேண்டும்" என்றார்.

"மாலை எதற்கு ஐயா?" என்றார் அம்பலவாணர். "இவளுக்கு ஏரியை விட்டுவைத்தோமே, அது போதும்."