தொட்டிக்குக் கட்டிய பரிவட்டம்

சத்தியம்! தலையிலடித்துச் சத்தியம்! இதில் ஒரு சொல் பொய்யென்றால் நாளைக் காலை என் காபியில் ஈ விழட்டும். விழுந்த ஈ நீந்திக் கரையேறி என் மூஞ்சியிலேயே காறித் துப்பட்டும். இந்த வயதில் பொய் சொல்லி நான் எந்தக் கோட்டையைப் பிடிக்கப்போகிறேன்? உள்ளதை உள்ளபடி சொன்னாலே ஒருத்தரும் நம்புவதில்லை.

கடலோரத்தில் ஒரு ரசாயன ஆலை. ஊர்ப் பெயர் வேண்டாம். ஆலையின் பெயர் வேண்டவே வேண்டாம். வக்கீல் நோட்டீஸ் படிக்கிற அளவுக்கு என் கண் இப்போது சரியில்லை. அங்கே உற்பத்தி மேலாளர் தணிகாசலம். தலை நரைத்தவர். மீசை மட்டும் நரைக்க மறுத்துவிட்டது. காலையில் அந்த மீசை ஆலைக்குள் நுழைந்து கொஞ்ச நேரம் கழித்துத்தான் தணிகாசலம் நுழைவார் என்று காவலாளிகள் சொல்வார்கள்.

அந்த ஆலைக்கு ஆபத்தாய்வு நடத்த வந்தவர் சலோமி. தூத்துக்குடிக்காரர். தணிகாசலத்தைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். ஆபத்தாய்வு என்றால் பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. ஆலையின் வரைபடத்தை மேசைமேல் விரிப்பார்கள். நாலைந்து பேர் சுற்றி உட்காருவார்கள். ஒவ்வொரு குழாயிலும் விரலை வைத்துச் சலோமி கேட்பார். இதில் ஓட்டம் இல்லையென்றால்? அதிகமானால்? குறைந்தால்? வந்த வழியே திரும்பிப் போனால்? வேறொன்று வந்தால்?

குழந்தை விளையாட்டு மாதிரி இருக்கும். இரண்டு நாள் உட்கார்ந்து பாருங்கள், தூக்கத்தில்கூட வீட்டுக் குழாயைப் பார்த்துக் கேள்வி கேட்பீர்கள்.

தணிகாசலத்துக்கு அந்த வித்தையின்மேல் மோகம் வந்துவிட்டது. ஓய்வு பெறுவதற்குள் கற்றுக்கொண்டு ஆலை ஆலையாகப் போகவேண்டும் என்று ஆசை. தேநீர் வேளையில் சலோமியிடம் போய் நின்றார்.

"மேடம், இன்னையிலேர்ந்து நான் உங்க சிஷ்யன். வயசைப் பார்க்காதீங்க."

"மீசையைப் பார்த்தாத்தான் பயமா இருக்கு. கேள்வி என்ன சார்?"

"ஆபத்து எந்த முகத்தோட வரும்? அதை மட்டும் சொல்லிக்குடுங்க. கேட்டிலேயே மறிச்சுடுறேன்."

சலோமி பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தார். அது பாதியில் உடைந்து உள்ளே விழுந்தது. விழுந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் பார்த்தா, உடனே சொல்றேன் சார்."

இதுதானா பாடம் என்று தணிகாசலத்துக்குச் சப்பென்றாகிவிட்டது.

தணிகாசலத்திடம் ஒரு பழக்கம் இருந்தது. எந்தக் கேள்விக்கும் முதலில் "ஒண்ணும் ஆகாது மேடம்" என்பார். பிறகுதான் யோசிப்பார். சலோமி பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு விதி போட்டார். ஒன்றும் ஆகாது என்று யார் சொன்னாலும், அந்த இயந்திரம் ஓடும்போது அதன் பக்கத்தில் போய் நின்று அதையே இன்னொரு தரம் சொல்லவேண்டும்.

அன்றைக்கு மேசையைச் சுற்றி இருந்தவர்கள் எல்லோருக்கும் திடீரென்று யோசனை வர ஆரம்பித்துவிட்டது.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் அவர்கள் வரைபடத்தில் பெரியவருக்கு வந்து சேர்ந்தார்கள். பெரியவர் என்பது அந்த ஆலையின் மூத்த தொட்டி. மூன்று மாடி உயரம். உள்ளே மெத்தனால். பார்க்கத் தண்ணீர்தான், ஒரு பொறி பட்டால் பகலில் கண்ணுக்கே தெரியாத தீயாக எரியும். அதன் தலையில் நடுவாக ஒரு சின்னக் குழாய் துருத்திக்கொண்டிருக்கும். அதுதான் பெரியவரின் மூச்சுக் குழாய். கீழே பம்பு திரவத்தை இழுக்க இழுக்க, மேலே அந்த வழியாகக் காற்று உள்ளே வரும்.

சலோமி அதில் விரலை வைத்தார்.

"காற்று இல்லைன்னா?"

"எப்படி இல்லாமப் போகும்?"

"யாராவது மூடினா?"

தணிகாசலம் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். "அவ்வளவு உயரத்துல ஏறி யார் மேடம் மூடுவா? காக்காயா?"

"தெரியலை. அதனாலதான் கேட்கிறேன்."

"மூடினா தொட்டி உள்ளே ஒடுங்கும். சின்னப் பிள்ளைங்க ஜூஸ் டப்பாவை ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுமே, அந்த மாதிரி. ஓரம் கிழிஞ்சு மொத்தமும் வெளியே கொட்டும். அது எனக்குத் தெரியாதா? ஆனா மூட ஆள் வேணுமே! ஒண்ணும் ஆகாது மேடம்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். மேசையைச் சுற்றி எல்லோரும் அவரையே பார்த்தார்கள்.

"விஜயதசமி அன்னிக்குத்தானே பம்பு போடுறீங்க?" என்றார் சலோமி.

"ஆமா. மேலே ஏறி நிக்கிறேன். நின்னுக்கிட்டுச் சொல்றேன். போதுமா?"

மறுநாள் ஆயுத பூஜை. ஆலை நின்றது. தணிகாசலத்தை அன்றைக்கு யாரும் குறை சொல்ல முடியாது. மெத்தனால் பக்கம் கற்பூரம் கூடாது என்று கண்டித்துச் சொல்லி, பேட்டரி விளக்கு வைத்தார். பூசணிக்காயை வாசலுக்கு வெளியே உடைக்க வைத்தார். செல்போன்களைக் காவல் அறையிலேயே பிடுங்கி வைத்தார். அப்புறம் வால்வுகளுக்கெல்லாம் சந்தனம், குங்குமம். பம்புகளுக்குப் பூச்சரம்.

பெரியவருக்கு மட்டும் சந்தனம் போதுமா? இத்தனை வருஷம் சோறு போட்டவராயிற்றே! தணிகாசலம் தன் காசில் சரிகைக் கரை போட்ட பட்டுத் துண்டு ஒன்று வாங்கியிருந்தார். பெரிய மனிதர்களுக்குக் கோயிலில் தலையில் கட்டுவார்களே பரிவட்டம், அந்த மாதிரி பெரியவருக்கும் கட்டவேண்டும் என்று அவர் மனதில் வெகுநாள் ஆசை. தானே ஏறினார். கட்டினார். வானம் மூட்டம் போட்டிருந்தது. பட்டு வீணாகிவிடுமே என்று, ஜவுளிக்கடை கொடுத்த கெட்டிப் பாலிதீன் பையை அதன்மேல் கவிழ்த்துக் கழுத்தில் சணல் கயிறு போட்டு இறுக்கினார்.

கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த சாமி மாதிரி இருந்தது. அவருக்கே கண் கலங்கிவிட்டது.

எதன்மேல் கட்டினார் என்று கேட்கிறீர்களா? பெரியவரின் உச்சியில் தலை மாதிரி இருப்பது வேறென்ன இருக்கிறது?

விஜயதசமி விடிந்தது. தொழிலாளர்கள் குடும்பத்தோடு பெரியவரின் காலடியில் கூடினார்கள். அது அந்த ஆலையின் வழக்கம். மேளம், நாதஸ்வரம், குங்குமப் பொட்டு வைத்த எலுமிச்சம்பழம், பொரிகடலை. பம்பின் பச்சைப் பொத்தானை அமுக்கும் பெருமை இந்த வருஷம் தணிகாசலத்தின் மனைவி பொற்கொடிக்கு. மேலேயிருந்து கணவர் தோள் துண்டை வீசிக் காட்டினால் அமுக்கவேண்டும்.

"கூட்டம் எதுக்கு சார் இங்கே?" என்றார் சலோமி.

"குடும்பம் மேடம். வருஷா வருஷம் வர்றதுதான்."

பொற்கொடி குறுக்கே வந்தாள். "நல்ல நேரம் முடியப்போகுது. மேலே போயி ஊர்வம்பு பேசாம சட்டுனு துண்டைக் காட்டுங்க."

பட்டு வேட்டியை மடித்துக் கட்டி, காலில் இரும்பு மூக்குப் பூட்ஸ், தலையில் மஞ்சள் ஹெல்மெட், நெற்றி கொள்ளாத சந்தனம். இந்தக் கோலத்தில் தணிகாசலம் ஏணியில் ஏறினார். பின்னாலேயே சலோமி. ஒன்று சொல்ல மறந்தேன். சலோமிக்கு உயரம் ஆகாது. ஒவ்வொரு படியிலும் கண்ணை மூடித் திறந்துதான் ஏறினார்.

"நீங்க கீழேயே இருக்கலாமே மேடம்."

"உங்களை நிக்கச் சொன்னது நான். தனியா நிக்கச் சொல்லலை."

தணிகாசலம் முதலில் மேலே போய்விட்டார். கைப்பிடிக் கம்பியை ஆட்டிப் பார்த்தார். மூடிகளைத் தட்டிப் பார்த்தார். அளவுமானியைத் துடைத்துப் பார்த்தார். எல்லாம் சரி. நடுவில் பரிவட்டம் ஜம்மென்று இருந்தது. ராத்திரி மழை பெய்தும் ஒரு சொட்டு உள்ளே இறங்கவில்லை. அதைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

பிறகு ஓரத்துக்கு வந்து தோள் துண்டை வீசினார்.

கீழே மேளம் உச்சத்துக்குப் போனது. பம்பு உறுமியது. பெரியவர் உடம்பெல்லாம் லேசாக நடுங்கியது.

அப்போதுதான் சலோமியின் தலை ஏணி உச்சியில் தெரிந்தது.

"அது என்ன சார்?"

"பரிவட்டம் மேடம். நானே கட்டினேன்."

"அதுக்குள்ளே?"

"உள்ளே பட்டு. அதுக்கும் உள்ளே..."

தணிகாசலம் திரும்பிப் பார்த்தார். சற்று முன்பு உப்பலாக இருந்த பை இப்போது உள்ளே இழுத்து ஒட்டிக்கொண்டிருந்தது. சரிகையின் ஒவ்வொரு இழையும் அச்சு எடுத்தாற்போல் தெரிந்தது.

"காற்று இல்லைன்னா?" என்றார் சலோமி. மேசையில் கேட்ட அதே குரல்.

பூட்ஸுக்கு அடியில் தகடு முனகியது.

"பொற்கொடி! நிறுத்து! நிறுத்துடி!" தணிகாசலம் கம்பியைப் பிடித்துக் குனிந்து கத்தினார். மேளத்தில் யாருக்குக் கேட்கும்? பொற்கொடி அண்ணாந்து பார்த்துச் சந்தோஷமாகக் கையை ஆட்டினாள். பக்கத்தில் நின்றவர்களிடமும் சொல்லி ஆட்ட வைத்தாள். கூட்டமே கையை ஆட்டியது. இறங்கி ஓடினால், அவர் தரையைத் தொடுமுன் பெரியவர் தரைக்கு வந்துவிடுவார்.

தகடு நடுவில் தாம்பாளம் போலக் குழிந்தது. பக்கச் சுவரில் டங்கென்று ஒரு சத்தம். அப்புறம் இன்னொன்று.

"நடக்காதீங்க சார். படுங்க. படுத்துப் போங்க. காலை நான் பிடிச்சுக்கிறேன்."

தணிகாசலம் குப்புற விழுந்தார். உயரத்தைக் கண்டால் கண்ணை மூடும் அந்த அம்மாள், ஒரு கையால் கம்பியையும் மறு கையால் அவருடைய பூட்ஸையும் பிடித்துக்கொண்டு அந்தத் தகட்டில் நீட்டிப் படுத்தார். தணிகாசலம் பரிவட்டத்தை எட்டிப் பிடித்தார். சணல் கயிறு மழையில் ஊறி இறுகிப்போயிருந்தது. அவரே போட்ட முடிச்சு. அவர் நகத்துக்கே அசையவில்லை. பையைக் கிழிக்கப் பார்த்தார். கெட்டிப் பை, உள்ளங்கையில் வழுக்கியது.

"மேடம், வரமாட்டேங்குது!"

"பல்லு இருக்கா சார்?"

இருந்தது. கவ்வினார். தலையை வலமும் இடமும் உதறினார். பெரியவர் இன்னொரு தரம் டங்கென்றார். கீழே பொரிகடலை கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

பை கிழிந்தது.

அப்பா! பெரியவர் இழுத்த மூச்சு இருக்கிறதே! எதிர்த் தென்னையில் உட்கார்ந்திருந்த காக்கை வால் முன்னே, மூக்குப் பின்னே பறந்து வந்தது. நாதஸ்வரக்காரர் ஊதிய ராகம் குழலுக்குள்ளேயே திரும்பிப் போய்விட்டது. அவர் அதை விழுங்கிவிட்டு மூன்று நாள் விக்கினார். தணிகாசலத்தின் இடப்பக்க மீசை குழாய்ப் பக்கம் சாய்ந்தது சாய்ந்ததுதான். எந்த எண்ணெய்க்கும் இன்றுவரை நிமிரவில்லை. முன்னாலேயே சத்தியம் செய்துவிட்டேன், மறுபடியும் செய்யச் சொல்லாதீர்கள்.

குழிந்த தகடு மெல்ல மெல்ல எழுந்தது. இரண்டு பேரையும் தொட்டிலில் கிடத்தித் தூக்கியது போல மேலே கொண்டுவந்து விட்டது. பட்டுத் துண்டைத் தணிகாசலம் உருவி மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். எழுந்திருக்க இரண்டு பேருக்கும் தெம்பில்லை. பம்பு ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது.

"என் கவனக்குறைவு மேடம்," என்றார்.

"கவனம் இல்லாதவர் பட்டுக்குப் பை மாட்டமாட்டார் சார்."

தணிகாசலம் கைப்பிடிக் கம்பியின் இடுக்கு வழியாகக் கீழே பார்த்தார். பொற்கொடி யாருடைய குழந்தையையோ இடுப்பில் வைத்துக்கொண்டு பொரி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"மேடம், ஆபத்து எந்த முகத்தோட வரும்னு உங்ககிட்ட கேட்டேன்."

"பார்த்தா சொல்றேன்னேன்."

"பார்த்தீங்களா?"

சலோமி அவர் பக்கம் தலையைத் திருப்பினார். ஹெல்மெட் கோணிக் கிடந்தது. சந்தனம் புருவம்வரை வழிந்திருந்தது.

"பார்த்தேன் சார். காலையில எழுந்து குளிச்சிருந்தது. பட்டு வேட்டி கட்டியிருந்தது. நெத்தி நிறையச் சந்தனம். பயபக்தியோட 'நானே கட்டினேன்'னு சொன்னது. நல்ல முகம்."

கீழே மேளம் ஓய்ந்தது. பொற்கொடியின் குரல் மட்டும் மேலே ஏறி வந்தது.

"என்னங்க! மேலே ஏதோ டங்கு டங்குன்னுச்சே! ஏதும் ஆயிடாதே?"

தணிகாசலம் வாயைத் திறந்தார். அவர் ஆயுளெல்லாம் சொன்ன சொல் நாக்கு நுனிவரை வந்து நின்றது. வாயை மூடிக்கொண்டார்.

அவ்வளவுதான். எழுந்து போங்கள். வெளியே யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள், யார் சொன்னது என்று மட்டும் மூச்சு விடாதீர்கள். டங்கென்றது எதனால் என்று பொற்கொடி அம்மாளிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை.