பொந்துக்குள்ளிருந்து ஒரு கேள்வி

மேகம் இறங்கி வந்து மரங்களோடு தங்கிப் போகும் ஒரு மலைக்காட்டில், தாழை என்ற இருவாச்சிப் பறவை உயர்ந்த மரமொன்றின் பொந்துக்குள் அடைபட்டிருந்தாள். யாரும் அவளைச் சிறை வைக்கவில்லை, குழந்தைகளே. முட்டையிடும் காலம் வந்தால் தாய் இருவாச்சி தானே பொந்துக்குள் புகுந்து, வாசலை மண்ணாலும் எச்சத்தாலும் பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு பிளவை மட்டும் விட்டுவைக்கும். தகப்பன் பறவை அந்தப் பிளவு வழியாகத்தான் பழம் ஊட்ட வேண்டும்.

உள்ளே ஒரே இருட்டு. தாழை தன் பழைய சிறகுகளையும் உதிர்த்துவிட்டாள். புதியவை முளைக்கும்வரை பறக்க முடியாது. பிளவு வழியாக ஒரு துண்டு வானம் தெரியும். அதையே பார்த்துக்கொண்டு, காற்று சிறகுக்கு அடியில் புகுந்து தூக்கும் அந்தச் சுகத்துக்காக ஏங்குவாள். அதைவிட அதிகமாக, யாரிடமாவது மனம்விட்டுப் பேச ஏங்குவாள். முட்டை பொரித்துக் குஞ்சு வெளிவந்த பிறகும் அந்த ஏக்கம் தீரவில்லை.

பேசுவதற்குக் கணவன் கருஞ்சிறகன் இருந்தான். ஆனால் அவன் வாயைத் திறந்தால் வீரப் பிரதாபம்தான்.

"இன்றைக்கு அத்திமரத்தில் பக்கத்து மரத்து வளையலகனை முட்டி விரட்டினேன்," என்பான், தொண்டையில் அடக்கிக் கொண்டுவந்த பழங்களை ஒவ்வொன்றாக ஊட்டியபடி. "அவன் குடும்பம் முழுக்கத் திருட்டுக் குடும்பம். நம் பழத்தையெல்லாம் அவர்கள்தான் தின்று தீர்க்கிறார்கள்."

வெளியே எட்டிப் பார்க்க வழியில்லாதவள் வேறென்ன செய்வாள்? பழத்தோடு சேர்த்து அந்தப் பேச்சையும் வாங்கிக்கொண்டாள். வாங்கியதைக் குஞ்சுக்கும் ஊட்டினாள்.

நாளாக ஆகப் பழம் குறைந்தது, பேச்சு கூடியது. ஒருநாள் கருஞ்சிறகன் நெற்றியில் ரத்தம் வழிய வந்து, இரண்டே பழங்களைக் கொடுத்துவிட்டுப் போனான். தாழை அவன் போன திசையையே பிளவு வழியாகப் பார்த்தாள். இவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால், பறக்க முடியாத தாயும் கண் திறக்காத குஞ்சும் இந்தப் பொந்துக்குள்ளேயே பசியில் சாக வேண்டியதுதான்.

அப்போது குஞ்சு சொன்னது: "அம்மா, நான் பெரியவன் ஆனதும் பக்கத்து மரத்துக் குஞ்சின் கண்ணைக் கொத்திவிடுவேன்."

தாழை திடுக்கிட்டாள். உடம்பில் ஒரு இறகுகூட முளைக்கவில்லை. தன் கண்ணே இன்னும் திறக்கவில்லை. அதற்குள் அடுத்தவர் கண்மேல் குறி.

"அந்தக் குஞ்சு உன்னை என்ன செய்தது?"

"தெரியாது. அது நமக்குப் பகை. நீங்கள்தானே சொன்னீர்கள்."

"அது எப்படி இருக்கும்?"

"தெரியாது அம்மா. உங்களுக்குத் தெரியுமா?"

"எனக்கும் தெரியாது," என்றாள் தாழை. சொன்னதும் அவளுக்கே வெட்கமாக இருந்தது. தனக்கே தெரியாத ஒன்றையா இத்தனை நாளும் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தாள்?

அது நடுப்பகல். ஆண் பறவைகள் இரை தேடப் போயிருந்தன. தாழை பிளவில் அலகை வைத்து உரக்கக் கூப்பிட்டாள். "பக்கத்து மரத்து அம்மா, இருக்கிறீர்களா?"

சில்வண்டுகள் மட்டும் இரைந்தன. சற்றுப் பொறுத்து ஒரு களைத்த குரல் வந்தது.

"இல்லாமல் எங்கே போவேன்? நானும் அடைபட்டுத்தானே கிடக்கிறேன். திருட்டுக் குடும்பத்துக்கு என்னோடு என்ன பேச்சு?"

"திருட்டுக் குடும்பமா? என் வீட்டுக்காரர் உங்களைத்தான் அப்படிச் சொல்கிறார்."

"நன்றாக இருக்கிறது. என் வீட்டுக்காரர் உங்களைச் சொல்கிறார். அத்திமரத்தையே உங்களவர் காலி செய்துவிட்டாராம். எங்களுக்கு இன்று மூன்று பழம்தான் வந்தது."

"எங்களுக்கு இரண்டு."

"அக்கா," என்றாள் தாழை. "நீங்களும் சாப்பிடவில்லை, நாங்களும் சாப்பிடவில்லை. அப்படியானால் மரம் நிறையக் காய்த்த பழம் எங்கே போயிற்று?"

"அதைத்தான் நானும் யோசிக்கிறேன். உன் பெயர் என்னம்மா?"

"தாழை. உங்கள் பெயர்?"

"வாகை."

வெயில் சாயும்வரை இருவரும் பேசினார்கள். வாகையின் பிளவு வழியே மலைச்சரிவு தெரியுமாம், அருவி தெரியுமாம். தாழைக்கு அருவியைப் பார்த்து எத்தனையோ நாளாயிற்று. "இன்னும் சொல்லுங்கள் அக்கா, தண்ணீர் நிறைய விழுகிறதா?" என்று கேட்டுக் கேட்டு வாங்கினாள். கேட்கும்போதே கண் கலங்கியது. இந்தக் குரலுக்குரியவளை ஒருமுறையாவது நேரில் பார்க்க வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டது. கடைசியில் இருவரும் சேர்ந்து ஒரு முடிவு செய்தார்கள்.

மாலையில் கருஞ்சிறகன் வந்தான். தாழை குஞ்சின் பங்கை மட்டும் வாங்கிக்கொண்டு உள்ளே தள்ளி உட்கார்ந்தாள்.

"நீ சாப்பிடவில்லையா?"

"மாட்டேன். முதலில் வளையலகனிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டு வாருங்கள்."

"பகைவனிடம் எனக்கென்ன கேள்வி?"

"'இன்று உன் வீட்டுக்கு எத்தனை பழம் கொண்டுபோனாய்' என்று கேளுங்கள். அவ்வளவுதான்."

"என் மானம் என்ன ஆவது?"

"மானத்தை ஊட்டினால் பிள்ளைக்குப் பசி ஆறுமா?"

கருஞ்சிறகன் கெஞ்சினான், கோபித்தான், கிளையில் அலகைத் தேய்த்தான். தாழை அசையவில்லை. பக்கத்து மரத்தில் வளையலகனும் இதே பாடு பட்டுக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலையில் கருஞ்சிறகன் வந்தபோது தொண்டை நிறையப் பழம் இருந்தது. முகத்தில் அசடு வழிந்தது.

"கேட்டீர்களா?"

"கேட்டேன். அவனும் என்னைப் போல இரண்டு மூன்று பழத்தோடுதான் திரும்பியிருக்கிறான். பிறகு இரண்டு பேருமாக அத்திமரத்துக்குப் போனோம். முட்டிக்கொள்ளாமல் சும்மா உட்கார்ந்தோம். அப்போதுதான் முதல்முறையாகக் கீழே குனிந்து பார்த்தோம்."

"என்ன இருந்தது?"

"காட்டுப்பன்றிகள். ஒவ்வொன்றும் கொழுகொழுவென்று. நாங்கள் சண்டை போட்டு உலுக்கிய பழத்தையெல்லாம் தின்றுதான் அப்படி ஆகியிருக்கின்றன. 'என்ன, இன்றைக்கு இன்னும் சண்டை தொடங்கவில்லையா, பசிக்கிறதே' என்று ஒரு கிழப்பன்றி எங்களையே கேட்கிறது."

தாழை சிரித்தாள். பொந்துக்குள் வந்ததிலிருந்து அவள் சிரித்தது அதுதான் முதல்முறை.

அதன் பிறகு இரண்டு வீட்டுக்கும் வயிறு நிறையப் பழம் வந்தது. நடுப்பகல்தோறும் தாய்மார்கள் பேசினார்கள், குஞ்சுகள் கேட்டுக்கொண்டிருந்தன. பிறகு குஞ்சுகளும் பேசத் தொடங்கின. உனக்குக் கண் திறந்துவிட்டதா, எனக்குத் திறந்துவிட்டது, இருட்டு உனக்கும் பயமா என்று விடாமல் பேசின. அந்த அரட்டையைக் கேட்கும்போதெல்லாம், தாழைக்கு வெளியே போகும் ஆசை இன்னும் கூடியது.

சிறகு முளைத்த ஒருநாள், தாழை வாசலைக் கொத்தி உடைத்தாள். வெளிச்சத்தில் கண் கூசியது. பக்கத்து மரத்திலும் மண் உதிர்ந்தது. அங்கே, மெலிந்த உடம்பும் மங்கிய அலகுமாக ஒரு பறவை தலையை நீட்டியது. தாழை நினைத்துவைத்திருந்த வாகையின் உருவமே இல்லை. இருவரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து, எங்கிருந்தோ பறந்துவந்த பச்சைப்புறாக் கூட்டம் ஒன்று அத்திமரத்தில் இறங்கிப் பழம் தின்னத் தொடங்கியது. கருஞ்சிறகன் கழுத்தைச் சிலிர்த்தான்.

"யார் இவர்கள்? நம் மரத்தில் வந்து..."

"எனக்குத் தெரியாது அப்பா," என்றது குஞ்சு, பொந்தின் விளிம்பில் நின்றபடி. "இருங்கள், கேட்டுவிட்டு வருகிறேன்."

அதுவரை ஒருமுறைகூடப் பறந்திராத குஞ்சு சிறகை விரித்தது. தாழை தடுக்கவில்லை. குஞ்சு தடுமாறித் தடுமாறி அந்தப் புதியவர்களை நோக்கிப் பறந்து போனது.

நீதி: பார்த்திராதவரைப் பகைக்கக் கற்றுக்கொடுக்காதே, கேட்டறியக் கற்றுக்கொடு.