காதருகே ஒரு மைக்

டிரம்மர் டெரன்ஸ் வந்தால் வடபழனி ஸ்டூடியோக்களில் மைக் ஸ்டாண்டுகள்கூட விறைத்து நிற்கும் என்பார்கள். தப்பே அடிக்காதவர் என்று அவருக்குப் பெயர். அந்தப் பெயரை வைத்தவரும் அவரே.

அன்று ஒலிப்பதிவு உதவியாளர் முபீனா டிரம்ஸுக்கு மேலே ஒரு மைக் வைத்தாள். டெரன்ஸ் அதை எடுக்கச் சொன்னார். முன்னால் வைத்தாள். அதையும் எடுக்கச் சொன்னார்.

“இங்க உட்கார்ந்திருக்கிற எனக்கு என்ன கேக்குதோ, அது அப்படியே பதிவாகணும். ஒரு துளி குறையக் கூடாது. முடியலைன்னா வேலையை விட்டுட்டுப் போம்மா.”

முபீனா ஒரே ஒரு மைக்கை அவர் காதுக்குப் பக்கத்தில் வைத்தாள். அவர் வாசித்து முடித்ததும் பதிவைப் போட்டாள். டிரம்ஸுக்கு நடுவே ஒரு முணுமுணுப்பு கேட்டது: “ரெண்டு, மூணு... ஐயோ, விட்டுட்டேன்... பரவாயில்ல, யாருக்கும் தெரியாது...”

“யாரு அது?” என்றார் டெரன்ஸ்.

“நீங்கதான் சார். ஒரு துளிகூடக் குறையல.”

டெரன்ஸ் தானே அந்த மைக்கைக் கழற்றி அவளிடம் நீட்டினார்.

“எங்க வச்சா உனக்கு நல்லா கேக்குமோ, அங்க வைம்மா.”