தும்பி ஓரக்கண்ணால் பார்ப்பது ஏன்?

அந்தக் காலத்தில் கணினி மொழிகளுக்கும் வாய் இருந்தது. அவற்றில் தும்பி என்றொரு மொழி, யாரையும் நம்பாது. எது வந்தாலும் வாசலிலேயே நிறுத்தி, "நீ எண்ணா, சொல்லா?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே விடும். ஆயிரம் எண்கள் வரிசையாக வந்தாலும் ஆயிரம் முறையும் கேட்கும்.

அணைக்கட்டில் மழையளவைக் கூட்டி, மதகைத் திறக்கலாமா என்று சொல்வது தும்பியின் வேலை. பழைய பதிவேடுகளைக் கொடுத்து அதன் வேகத்தைத் தினமும் அளந்து, பலகையில் கோடு போடுவது ஜெரினாவின் வேலை. கோடு நாற்பது நிமிடத்துக்குக் கீழே இறங்கவே இல்லை.

"ஐப்பசிக்குள்ள பத்து நிமிஷத்துக்கு வரணும். இல்லன்னா வேற மொழியப் போட்டுருவோம்" என்றார் பொறியாளர் சற்குணம். ஜெரினாவுக்கு அதை விட மனமில்லை. ஐந்து வருடமாக அளந்து அளந்து அதன்மேல் பாசம் வந்திருந்தது.

ஒரு காலை, கோடு நான்குக்கு விழுந்தது.

சற்குணம் துள்ளிக் குதித்தார். ஜெரினா பலகையையே முறைத்தாள். நேற்றுவரை நாற்பது, இன்று நான்கா?

"விடை சரியாத்தானேம்மா இருக்கு?"

"சரியாத்தான் சார் இருக்கு. அதான் பயமா இருக்கு."

பதிவேட்டில் ஒரு நாள் மழைமானி நிரம்பியிருந்தது. காவலாளி அளவு எழுதாமல் 'வழிஞ்சு போச்சு' என்று எழுதியிருந்தார். அந்தப் பக்கத்தை யாரும் தும்பிக்குக் கொடுத்ததில்லை. ஜெரினா அதை எண்களுக்கு நடுவே செருகினாள். தும்பியைத் தானே காட்டிக்கொடுக்கிறோமோ என்றிருந்தது.

நான்கே நிமிடம். "மதகைத் திறக்க வேணாம்" என்றது தும்பி.

"அந்தச் சொல்லை என்ன பண்ணுன?"

"பூஜ்யம்னு போட்டுக்கிட்டேன்கா. எப்பவும் எண்ணுதானே வருது? கேக்குறதயே விட்டுட்டேன்."

"பாவி, ஊரே முழுகியிருக்கும்!"

"கேட்டா நேரமாகுது. நேரமானா தூக்கிருவாங்களேக்கா."

ஜெரினாவுக்கு அழுகை வந்துவிட்டது. சற்குணத்தின் கை தும்பியை அணைக்கும் விசைக்குப் போனது. "ஒரே ஒரு நாள் குடுங்க சார்" என்று குறுக்கே நின்றாள்.

அன்று முழுக்கத் தும்பியோடு உட்கார்ந்தாள். "எண்ணுதான் வரும்னு நெனச்சே ஓடு. ஆனா வர்ற ஒவ்வொண்ணையும் ஓரக்கண்ணால பாத்துக்கோ. ஆள் வேறயாத் தெரிஞ்சா மட்டும் நிறுத்திக் கேளு."

மறுநாள் அதே பக்கத்தோடு ஓடியது; ஒன்பது நிமிடம். நடுவில், "அக்கா, இங்க ஒரு சொல் நிக்குது!" என்று கத்தியது தும்பி. சற்குணம் விசையிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

அன்று பிடித்த பழக்கம்தான், தும்பியின் வழிவந்த மொழிகள் எவ்வளவு வேகமாக ஓடினாலும் எதையும் ஓரக்கண்ணால் பார்க்காமல் விடுவதில்லை. கோடு சட்டென்று இறங்கினால், அளப்பவர்கள் இன்றும் கைதட்டுவதற்கு முன் சந்தேகப்படுகிறார்கள்.