கரடி கடைக்கு ஆள் எடுத்த நாள்

ஒரு காட்டில், புலிகூட வரிசையில் நின்று சாமான் வாங்கும் மளிகைக்கடை ஒன்று இருந்தது, குழந்தைகளே. கடைக்காரர் கரடி. சாமான் எடுத்துக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும், மூன்று வேளைச் சாப்பாடும் உண்டு என்று கரடி அறிவித்தது.

மயில் வந்தது, கிளி வந்தது, குரங்கு வந்தது. கடைசியாக எறும்புத்தின்னி வந்தது. அதன் உடம்பெல்லாம் ஓடு ஓடாகச் செதில் இருக்கும். பயம் வந்தால் பந்துபோலச் சுருண்டுவிடும். அதற்குப் பயம் அடிக்கடி வரும்.

பாவம், அதற்கு இந்த வேலை கிடைத்தே ஆக வேண்டும். மழையில் எறும்புப் புற்றெல்லாம் கரைந்துவிட்டது. வளையில் பால்குடிக் குட்டி தனியாக இருந்தது. வேலை இல்லையென்றால், குட்டியை வாலில் ஏற்றிக்கொண்டு, லாரிகள் ஓடும் ரோட்டைத் தாண்டி அடுத்த மலைக்குப் போக வேண்டும். அந்த ரோட்டில் அடிபடாமல் தாண்டியவர்கள் குறைவு.

தனித்தனியாக விசாரிக்கக் கரடிக்கு நேரமில்லை. நாலு பேரையும் ஒன்றாக உட்கார வைத்து, அவரவரைப் பற்றிச் சொல்லச் சொன்னது.

தன் தோகையைப் பார்க்கவே கூட்டம் வரும் என்றது மயில். தோகை உதிரும் மாதங்களில் மட்டும் வெளியே நிற்க வெட்கமாக இருக்கும் என்று மெதுவாகச் சேர்த்துக்கொண்டது. கிளி தனக்கு எட்டுப் பாஷை தெரியும் என்றது. கூடிருந்த மரத்தை வெட்டிவிட்டார்கள், தங்க இடமும் தந்தால் நல்லது என்றது. எந்த உயரத்துச் சாமானையும் ஒரே தாவலில் எடுப்பேன் என்றது குரங்கு. அம்மாவுக்குக் கண் தெரியாது, அதனால் இருட்டுமுன் வீட்டுக்குப் போக வேண்டும் என்றது.

மயில் பேசும்போது கிளி தன் பேச்சை வாய்க்குள் ஒப்பித்துக்கொண்டிருந்தது. கிளி பேசும்போது குரங்கு ஒப்பித்துக்கொண்டிருந்தது. பேசி முடித்த மயிலோ, இன்னும் நன்றாகச் சொல்லியிருக்கலாமே என்று கவலைப்பட்டது. எறும்புத்தின்னி மட்டும் ஒன்றும் தயார் செய்து வரவில்லை. பேசுகிறவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

அதன் முறை வந்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்ததுதான் தாமதம், சுருண்டுவிட்டது.

"என்னக்கா, வேலைக்கு வந்தீர்களா, எடைக்கல்லாக வந்தீர்களா?" என்று குரங்கு கேட்டது. கிளி சிரித்தது.

கரடி சிரிக்கவில்லை. "கடைசியாக ஒன்று கேட்கிறேன். பக்கத்தில் இருப்பவருக்கு என்ன வேண்டுமாம்? சொல்லுங்கள்."

கிளி ஏதோ பாஷையைப் பற்றிச் சொன்னது என்று மயில் இழுத்தது. குரங்குக்கு வாழைப்பழம் வேண்டும் என்று கிளி அடித்துவிட்டது. நான் அதையா சொன்னேன் என்று குரங்கு சண்டைக்குப் போனது. குரங்கின் பக்கத்தில் இருந்ததோ வாயே திறக்காத பந்து.

அந்தப் பந்துக்குள்ளிருந்து ஒரு சின்னக் குரல் வந்தது.

"கிளித் தங்கச்சிக்குத் தங்க ஓர் இடம் வேண்டும். குரங்குத் தம்பியின் அம்மாவுக்குக் கண் தெரியாது, இருட்டுமுன் போக வேண்டும். தோகை உதிர்ந்தால் மயில் அண்ணனை உள்ளே வேலை பார்க்க விட வேண்டும்."

குரங்கு தலையைக் குனிந்துகொண்டது.

"உனக்கு என்னம்மா வேண்டும்?" என்றது கரடி.

"என் குட்டியைக் கூட்டிக்கொண்டு வரலாமா, ஐயா?"

"கூட்டி வா. கடைக்கு வருகிறவர்கள் பத்துக் கதை பேசுவார்கள், நடுவில்தான் வேண்டியதைச் சொல்வார்கள். எனக்கு உன்னைப்போல ஓர் ஆள்தான் தேவை."

எறும்புத்தின்னிக்குச் சந்தோஷத்திலும் பயம் வந்தது. "ஆள் வரும்போது சுருண்டுவிட்டால் என்ன செய்வது, ஐயா?"

"சுருண்டுகொள். அவர்கள் கேட்டதை எடுத்துக் கொடுக்க மட்டும் எழுந்து வா" என்றது கரடி.

நீதி: தான் பேசப்போவதையே நினைத்துக்கொண்டிருப்பவர் காதில் அடுத்தவர் தேவை விழாது.